நெரித்த காப்புகள்

மண்ணெண்ணெயில் ஓடும் காரின் புகை ஒருமுறை மூக்கில் ஏறினால் அன்று முழுவதும் சோறு இறங்காது. அந்த நாற்றத்துக்குள்தான் நான் ஐந்து வருடம் வாழ்ந்தேன். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஒளித்து வந்த கொஞ்சமும் மருந்துபோலப் போத்தலில்தான் கிடைத்தது. ஆகவே யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. எஞ்சின் சூடேறும்வரை, ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட வேண்டும். பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடலாம். பிறகு கார் இருமும், துப்பும், கரியைக் கக்கும், ஆனால் ஓடும்.

எங்கள் ஆட்களின் மூளையைப் பார் என்று ஊரெல்லாம் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. இருபத்தாறு வருடம் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு நல்ல எஞ்சினுக்குத் தினமும் நஞ்சூட்டிவிட்டு, அது சாகவில்லையே என்று கைதட்டுகிறவர்களோடு எனக்கு என்ன கதை? ஆனால் இதில் ஒரு வசதியும் இருந்தது. எந்தக் கோளாறு வந்தாலும் ‘மண்ணெண்ணெய்க் குணம்’ என்று சொல்லிவிட்டுத் தப்பலாம். மற்ற மெக்கானிக்குகளைப் போல நானும் அப்படிச் சொல்லத்தான் செய்தேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசியில் சோமசேகரம் தன் ஓஸ்டின் காரைக் கொண்டுவந்து என் கராஜில் நிறுத்தினார். என் கராஜ் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், எங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயிலின் தர்மகர்த்தா. மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். என் கராஜில் தேத்தண்ணி குடிக்கமாட்டார், வாங்குப் பலகையில் இருப்பதென்றால் பத்திரிகைத் தாளை விரித்துத்தான் இருப்பார். ஒரு கூலி ஓட்டுநரை வைத்து, கொடிகாமத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஆட்களையும் மரக்கறியையும் அந்தக் காரில் ஒன்றாக அடைத்து ஏற்றுவித்தார். கத்தரிக்காய்க் கடகத்தின்மேல் கர்ப்பிணிப் பெண் இருந்து வந்ததை நானே கண்டிருக்கிறேன்.

“இராசநாயகம், கார் இழுக்குதில்லையாம். ஆக்சிலேற்றரை அடிவரைக்கும் மிதிச்சாலும் கிழட்டு மாடு மாதிரி நடக்குதாம்.”

“எவ்வளவு தூரம் ஓடினாப் பிறகு, ஐயா?”

“வெளிக்கிடேக்கை ஒரு குறையும் இல்லை. ரண்டு மூண்டு கட்டை தூரம் போனால் மூச்சு வாங்கத் தொடங்குது. நிப்பாட்டிப் பத்து நிமிசம் விட்டால் திரும்பவும் நல்லா ஓடுது.”

நிறுத்தி விட்டால் திரும்பவும் நன்றாக ஓடுகிறது என்று அந்த மனுசன் தெளிவாகச் சொன்னார். தொழில் தெரிந்தவனுக்கு அந்த ஒரு சொல் போதும். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “மண்ணெண்ணெய்க் குணம்தான் ஐயா, வேறை என்ன?” என்றேன். பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டிப் பூட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கார் திரும்பி வந்தது. இந்த முறை காபரேற்றரைப் பிரித்தேன். அடியில் கறுப்பாக, களிபோல ஏதோ ஒன்று படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன், ஒட்டியது. எவனோ கழிவெண்ணெயைக் கலந்து விற்கிறான் என்று, கண்ணாலும் காணாத ஒரு எண்ணெய் வியாபாரியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கழுவிப் பூட்டினேன். அந்தக் களிக்குள் ஒரு பச்சை நூலும் கிடந்தது. துடைக்கிற சீலையின் நூல் என்று நினைத்தேன்.

அந்தக் காரை எனக்கு முன்னரே தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோமசேகரம் அதை முதன்முதல் கொண்டுவந்தது தொண்ணூற்றொன்றில். வெள்ளைக் காருக்குக் கரும்பச்சை அடித்திருந்தார். பொனற்றைத் திறந்தபோது பற்றரித் தட்டில் நான் எண்பத்தேழில் ஜமால்தீனுக்காகப் பிடித்த ஒட்டு அப்படியே இருந்தது. ஜமால்தீன் ஐந்துசந்தியில் பழைய வாகனச் சாமான் கடை வைத்திருந்தவர். கொழும்பில் கிடைக்காத சாமானும் அவருடைய கடைச் சாக்குக்குள் கிடக்கும். காசில்லாத நாட்களில், “கொண்டுபோங்கோ ராசண்ணை, ஆறுதலாகப் பாப்பம்” என்று சொல்லித் தூக்கித் தந்த மனுசன்.

“இது ஜமால்தீன்ரை கார் எல்லோ?” என்று அன்று கேட்டேன்.

“இருந்திருக்கும். இப்ப என்ரை. வாங்கின அண்டே மஞ்சள் தண்ணி தெளிச்சு, தேசிக்காய் வெட்டித் தீட்டுக் கழிச்சுப்போட்டன்” என்றார் சோமசேகரம்.

யாரிடம் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கப் பொடியள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, சந்திகளில் மறித்து வாகனங்களையும் விட்டுவிட்டுத்தான் போகச் சொன்னார்கள். பிறகு அவை கைமாறின. அப்போது என் கராஜ் ஐந்துசந்திக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பலகைக் கதவின் நீக்கலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன், வெளியே வரவில்லை. ஜமால்தீனின் கார் குடும்பத்தோடு சந்திவரை வந்தது. துவக்கோடு நின்றவர்கள் எல்லோரையும் இறக்கினார்கள். மனைவியையும் மகள் ஸைனம்புவையும் முன்னால் நடக்கவிட்டு, ஜமால்தீன் காரின் பின்பக்கத்தையே பார்த்தபடி நின்றார். ஒருவன் தோளில் தள்ளிய பிறகுதான் நடந்தார். காரின் மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மூன்றாவது முறையும் கார் வந்து நின்றபோது எனக்கு மானம் போனது. நானே எடுத்துக்கொண்டு பலாலி வீதியால் ஓட்டினேன். இரண்டு கட்டைவரை நன்றாக இழுத்தது. பிறகு மிதிக்க மிதிக்க வேகம் இறங்கியது. சைக்கிளில் போன கிழவர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வீதியோரம் நிறுத்தி, எஞ்சினுக்கு எண்ணெய் வரும் குழாயைக் கழற்றினேன். எண்ணெய் ஓடவில்லை, அழுது வடிந்தது. குழாயில் வாயை வைத்துப் பின்னோக்கி ஊதினேன். பின்னால் எண்ணெய்த் தாங்கிக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. வாயெல்லாம் மண்ணெண்ணெய். துப்பிவிட்டுக் குழாயைப் பூட்டிக் காரை எடுத்தேன், அது பாய்ந்தது. இனிச் சந்தேகமே இல்லை. தாங்கிக்குள் ஏதோ கிடக்கிறது. எண்ணெய் இழுபடும்போது அது வந்து வாயை அடைக்கிறது, நிறுத்தினால் விலகுகிறது. முதல் நாளே பிடித்திருக்க வேண்டிய கோளாறு.

சனிக்கிழமை காலை சோமசேகரத்தை வைத்துக்கொண்டே தாங்கியைக் கழற்றினேன். எண்ணெயை வடித்தபோது கறுப்புக் களி கட்டி கட்டியாக விழுந்தது. ரப்பர். சைக்கிள் ரியூப் ஒன்று எண்ணெயில் ஊறி, வீங்கி, கூழாகிப் போயிருந்தது. தாங்கியின் வாய்க்குள் கொளுக்கிக் கம்பியை விட்டுத் துழாவினேன். முதலில் பச்சைச் சீலைத் துண்டு ஒன்று வந்தது. ஓரத்தில் அரபெழுத்து அச்சிட்டிருந்தது.

சோமசேகரம் வாங்கில் இருந்து எழும்பிப் பின்னால் போனார். “சீ! அதை அங்காலை எறியும். என்ன செய்வினையோ, ஆருக்குத் தெரியும்!”

நான் எறியவில்லை. தாங்கியைக் கவிழ்த்துக் குலுக்கினேன். உள்ளே உலோகம் உருளுகிற சத்தம் கேட்டது. கொளுக்கியில் அகப்பட்டு ஒன்று வெளியே வந்தது. கரியைச் சீலையால் துடைத்தேன். தங்கக் காப்பு. ஆனால் வட்டமாக இல்லை, மாங்கொட்டைபோல நெரிந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தாங்கியின் வாய் சின்னது. காப்பு உள்ளே போகாது. காரிலேயே போகவிடுவார்கள் என்று நம்பி, அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு காப்பாகக் கையால் நெரித்து, சீலையில் சுற்றி, ரியூப்புக்குள் கட்டி உள்ளே தள்ளியிருக்கிறார் ஜமால்தீன். ரப்பர் எண்ணெயில் நிற்காது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த மனுசன், அன்றைக்கு அதையும் மறந்திருக்கிறார். சந்தியில் அவர் பார்த்துக்கொண்டு நின்றது காரை அல்ல.

ஒவ்வொன்றாக எடுத்தேன். காப்பு ஆறு, அட்டியல் ஒன்று, தோடு ஒரு சோடி. பின்னால் போன சோமசேகரம் இதற்குள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் முதல்தடவை என் கராஜின் கரி அவருடைய வேட்டியில் பட்டது. அவர் கவனிக்கவில்லை.

“சவுக்காரம் போட்டுக் கழுவும்” என்றார்.

“ஐயா, இது ஜமால்தீன்ரை.”

“கார் ஆற்றை?”

“கார் உங்கடை. இது அந்தாளின்ரை மகள் பெட்டைக்கு வைச்சிருந்த நகை.”

“விட்டிட்டுப் போனவன் திரும்பி வாறானோ?”

“அவர் விட்டிட்டுப் போகேல்லை ஐயா. இறக்கி விட்டவை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“பாத்துக்கொண்டுதானே நிண்டனீர்?” என்றார் அவர்.

சால்வையை விரித்து நகைகளை அள்ளி வைத்தார். சற்று முன்னர் சீலைத் துண்டுக்கே பயந்து ஓடிய அதே மனுசன். “இதெல்லாம் அந்த ஆக்களின்ரை எண்டு அருவருக்கேல்லையோ, ஐயா?” என்று கேட்டேன். என் குரலில் இருந்த நக்கல் அவருக்கு உறைக்கவில்லை. “பொன்னுக்குத் தீட்டில்லை. அதோடை, பிள்ளையாருக்கு ஒரு பொட்டுச் செய்து போடுவன்” என்றார். விக்கினம் தீர்க்கிற பிள்ளையாரையும் களவில் பங்காளியாக்கிவிட்டார். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வாய்க்குள் ஏற்கெனவே மண்ணெண்ணெய் நாற்றம், துப்பினேன். அது நிலத்தில்தான் விழுந்தது.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கிட்ட வந்தார். “இஞ்சை பாரும். இதை வெளியிலை கதைச்சால் பொடியள் வருவினம். நகை எனக்கும் இல்லை, உமக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. எவ்வளவு காலமாய்த் தெரியும் எண்டு உம்மைத்தான் முதல் கொண்டுபோய் விசாரிப்பினம். வீண் வில்லங்கம்.” சொல்லிவிட்டு, ஒரு காப்பை எடுத்து, விரல் என் கையில் படாமல் மேலே பிடித்து என் உள்ளங்கையில் போட்டார்.

நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த ஒன்றாவது ஜமால்தீனிடம் போய்ச் சேரட்டும் என்று நினைத்துத்தான் வாங்கினேன் என்று மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்ததும் உண்மைதான். பயந்ததும் உண்மை. உள்ளங்கையில் அந்தப் பாரம் நன்றாக இருந்ததும் உண்மை. பின்னேரம் தாங்கியைக் கழுவிப் பூட்டிக் கொடுத்தேன். கார் ஒரு இருமல் இல்லாமல் ஒழுங்கையால் பறந்தது. என் வேலை அவ்வளவு சுத்தம்.

காப்பை ஒரு தகரப் பேணிக்குள் போட்டு, மேலே கிறீஸை அப்பி வைத்தேன். மனைவி அருமைநாயகிக்கும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து, கிளாலிக் கடலேரியால் படகேறி வவுனியாவுக்குப் போய்வரும் வெங்காய வியாபாரி ஒருவர், புத்தளத்தில் ஜமால்தீனைக் கண்டதாகச் சொன்னார். அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, பழைய சைக்கிள் சாமான் விற்கிறாராம். உடனே ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டேன். ‘தாங்கிக்குள் நீங்கள் வைத்த சாமான் வெளியே வந்துவிட்டது. யோசிக்க வேண்டாம்.’ அவ்வளவுதான் எழுதினேன். எவரிடம் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று எழுதவில்லை. எழுதி முடித்தபோது மார்பு நிமிர்ந்தது. அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் அந்தச் சோறுதான் எனக்குக் குமட்டுகிறது.

ஆவணியில் மறுமொழி வந்தது. அதே வியாபாரி, வெங்காயச் சாக்குக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தந்தார்.

‘ராசண்ணைக்கு ஜமால்தீன் எழுதிக்கொள்வது. உங்கடை கடிதம் வந்த அண்டு எங்கடை கொட்டிலிலை பெருநாள். காப்பு ஆறு, அட்டியல் ஒண்டு, தோடு ஒரு சோடி, எல்லாம் சரியா இருக்கும். கையிலை ஒண்டும் இல்லை எண்டு ஸைனம்புவுக்கு மூண்டு இடம் தட்டிப் போச்சு. இப்ப உங்கடை கடிதத்தைக் காட்டித்தான் ஒரு இடம் பேசி முடிச்சிருக்கிறம். தாங்கியைத் திறந்தது வேறை ஆரும் எண்டால் நான் ஆசையை விட்டிருப்பன். நீங்கள் எண்டபடியால் பயமில்லை. நம்பிக்கையான ஆள் கிடைக்கிற வரைக்கும் உங்களிட்டையே இருக்கட்டும். காப்பை நெரிச்சது நான்தான். பிள்ளை அழுதுகொண்டு பாத்துக்கொண்டு நிண்டவள். தட்டி நிமித்தலாம் எண்டு நீங்கள் ஒரு வரி எழுதுங்கோ அண்ணை. நான் சொல்ல நம்பிறாள் இல்லை.’

வாசித்து முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சோமசேகரம் வீட்டுக்குப் போனேன். அவர் பூசை முடித்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு விறாந்தையில் இருந்தார். கடிதத்தை நீட்டினேன். கையில் வாங்காமல் நான் பிடித்திருக்க வாசித்தார்.

“எந்த நகை?” என்று கேட்டார்.

“ஐயா, ஒரு பெட்டையின்ரை கலியாணம்.”

“என்ரை வீட்டிலையும் ஒரு பெட்டை இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் உருக்கிச் செய்தாச்சு. பிள்ளையாருக்குப் பொட்டும் போட்டாச்சு, நீரும் கும்பிட்டிருப்பீரே. கேக்கிறதெண்டால் முதல் அவரிட்டைக் கேளும்.” எழும்பி உள்ளே போகப்போனவர் திரும்பினார். “உமக்குத் தந்ததை நீர் அவனுக்கு அனுப்பிப்போட்டீரோ? இல்லைத்தானே. பிறகென்ன என்னட்டை ஞாயம் கதைக்க வாறீர்?”

நான் கும்பிட்டதும் உண்மை. கொடியேற்றத்தன்று, பிள்ளையாரின் நெற்றியில் புதுப் பொட்டு மின்னியது. உபயகாரரின் பெயரைக் குருக்கள் மூன்று தரம் சொன்னார், சனம் அரோகரா என்றது. எங்கிருந்து வந்த பொன் என்று அவரை விட்டால் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்றவன் தூக்காவிட்டால் என்ன நினைப்பான் என்ற பயம். தூ.

வீட்டுக்கு வந்து பேணியை எடுத்துக் கிறீஸை வழித்துவிட்டு, காப்பை மேசையில் வைத்தேன். அருமைநாயகி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்தாள்.

வெங்காய வியாபாரி மறுநாள் விடியப் படகுக்குப் போகிறார். நான் எழுத இருந்தேன். முதல் தாளில் சோமசேகரத்தைத் திட்டித் திட்டி இரண்டு பக்கம் போனது. திரும்ப வாசித்தபோது என் பெயர் அதில் எங்குமே இல்லை. கிழித்தேன். இரண்டாவது தாளில் காலத்தைத் திட்டினேன், துவக்கைத் திட்டினேன், மண்ணெண்ணெயைக்கூடத் திட்டினேன். அதையும் கிழித்தேன். இந்தக் காப்பு ஒன்றை மட்டும் பேசாமல் அனுப்பினால், மற்ற ஐந்தையும் நான்தான் விழுங்கினேன் என்று ஜமால்தீன் நினைப்பார். ஒன்றும் அனுப்பாமல் விட்டால், எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறதென்று நம்பிக்கொண்டே இருப்பார். எது எனக்கு வசதி என்றுதான் இவ்வளவு நேரமும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது. மூன்றாவது தாளில் ஐந்தாறு வரிதான் வந்தது.

‘ஜமால்தீன், உங்கள் நகை என்னிடம் இல்லை. காரை வைத்திருக்கும் சோமசேகரம் எடுத்து உருக்கிவிட்டார். ஆறு காப்பில் ஒன்றை என் வாயை மூடத் தந்தார். நான் வாங்கினேன், மூன்று மாதம் வைத்திருந்தேன். உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதை மறைத்தேன். அந்த ஒன்றை இத்தோடு அனுப்புகிறேன். தட்டி நிமிர்த்தலாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.’

அருமைநாயகி கடிதத்தை வாங்கி விளக்குக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் வாசித்தாள்.

“அந்தப் பிள்ளையின்ரை கலியாணம் குழம்பப்போகுது.”

“இப்ப சொன்னால் இப்ப குழம்பும். சொல்லாமல் விட்டால் பந்தல் போட்டாப் பிறகு குழம்பும்.”

“அதுசரி. ஆனால் இதை வாசிச்சால் உங்களையும் கள்ளன் எண்டெல்லோ நினைப்பினம்?”

“நினைக்கட்டும்” என்றேன். “அது பொய்யோ?”